மின்ஷாலும் வௌவாலும்: டிரினிடாட் கார்னிவலின் பழைய வேடங்களோடு ஒரு கலைஞரின் நீண்ட கணக்கு

2016ஆம் ஆண்டு, கரீபியன் தீவான டிரினிடாட்டின் கார்னிவல் திருவிழாவில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரின் குயின்ஸ் பார்க் சவானா மேடையில் நடந்த, ஆட்டக் குழுக்களின் தலைமை வேடங்கள் மோதும் ராஜா வேடப் போட்டியில், பார்வையாளர்கள் எதிர்பார்த்திராத ஓர் உருவம் வந்து நின்றது. அந்தப் போட்டிக்கு வரும் வேடங்கள் பெரும்பாலும் வீட்டு மாடியளவு உயரமும் அகலமும் கொண்டவை. இறகுகளும் கம்பிகளும் மினுக்குகளுமாக அடுக்கி எழுப்பிய அவற்றின் எடையைச் சக்கரங்கள் தாங்க, நடுவில் நிற்பவர் இழுத்துக்கொண்டு வருவார். இந்த உருவத்திலோ மரக்கால் கட்டிய ஒரு கறுப்பின ஆடவர், அவர் இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பாலே பாவாடை, பாலே நடனக்காரியின் கூர்முனைக் காலணிபோல் வடிக்கப்பட்ட மரக்கால் நுனிகள் ஆகியவையே கண்ணில் நின்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் அன்னப் பாட்டுக்கு அவர் சின்னஞ்சிறு அடிகள் வைத்து நகர்ந்தார். வேடத்தின் பெயர், 'இறக்கும் அன்னம்: பாவ்லோவாவாகப் பெண்வேடமிட்ட ராஸ் நிஜின்ஸ்கி'. ஆடியவர் ஜா-வான் தாமஸ். உருவாக்கியவர் அப்போது 74 வயதைக் கடந்திருந்த பீட்டர் மின்ஷால்.

அந்த ஆண்டின் ராஜா பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் இந்த வேடத்தைப் புரிந்துகொள்ள, கார்னிவலின் பழைய பாத்திரங்களோடு மின்ஷால் வைத்திருந்த அறுபதாண்டு உறவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரைப் பற்றி எழுதுவோர் பலர், பழைமையை விட்டு வெளியேறி நவீனத்துக்குப் போனவர் என்றோ, அழிந்துகொண்டிருந்த மரபை மீட்டவர் என்றோ ஒரே கோட்டில் கதையை முடித்துவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அவர் முதலில் பழைய வேடங்களிலிருந்து எடுத்துக்கொண்டது அவற்றின் எலும்புக்கூட்டை. நடுவயதில் எடுத்துக்கொண்டது அவற்றின் வேலையை. முதுமையில்தான் ஒரு பழைய பாத்திரத்தை அதன் சொந்த உருவத்திலேயே மேடைக்குக் கொண்டுவந்தார்.

டிரினிடாட்டில் இந்தக் கலையை 'மாஸ்' என்பார்கள். நம் திரையரங்குகளில் விசிலோடு ஒலிக்கும் 'மாஸ்' அல்ல. முகமூடியாட்டத்தைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் தெருவில் இறங்கி ஆடுவதை அவர்கள் 'மாஸ் ஆடுதல்' என்கிறார்கள். தமிழில் வேடம் கட்டுதல் என்று சொல்வதற்கு மிக நெருக்கமான பொருள் அது. உடையை மாட்டிக்கொள்வது அதில் பாதிதான். கட்டிய வேடத்தின் நடை, பேச்சு, குறும்பு எல்லாம் சேர்ந்தால்தான் மாஸ். மின்ஷால் தம்மை உடை வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளாமல், மாஸ் ஆள் என்றே அடையாளப்படுத்திக்கொண்டதற்கு இதுவே காரணம்.

இந்த வேடங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1783இல் ஸ்பானிய அரசு வெளியிட்ட குடியேற்ற ஆணையை நம்பி டிரினிடாட்டுக்கு வந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், தங்கள் மாளிகைகளில் முகமூடி நடனங்கள் நடத்தினார்கள். அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்து, 1838இல் முழு விடுதலை கிடைத்தபோது, கறுப்பின மக்கள் தெருக்களைத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். 1881இல் காவல்துறைத் தலைவர் பேக்கரின் ஆட்களுக்கும் தீப்பந்தம் ஏந்திய கூட்டத்துக்கும் மூண்ட கான்பூலே மோதல், இந்தத் தெரு உரிமைக்கான சண்டையே. அந்தத் தெருக்களில் உருவான பாத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே முதலாளியையும் மதத்தையும் அதிகாரத்தையும் கிண்டலடிப்பவை. டேம் லொரெய்ன் என்பது பிரெஞ்சு முதலாளி வீட்டு அம்மணியைப் பரிகசிக்கும் வேடம். மார்பும் பின்புறமும் பெருக்கத் துணி அடைத்து, பெரும்பாலும் ஆண்களே அதைக் கட்டினார்கள். பியரோ கிரனேட் என்பவன் ஐரோப்பியக் கோமாளியான பியரோவின் கந்தல் உடுத்திய உறவினன். தன் படிப்பைக் காட்டிக்கொள்ள நீண்ட நீண்ட சொற்களுக்கு எழுத்துக்கூட்டிக் கதையளப்பான். அகன்ற தொப்பியும் கருப்பு மேலங்கியும் அணிந்த நள்ளிரவுக் கொள்ளைக்காரன், விசிலை ஊதி வழிமறித்து, தன் பிறப்பும் பேராற்றலும் பற்றி உலகம் நடுங்கும்படி வசனம் பேசுவான். காசு கொடுத்தால்தான் விடுவான். ஜாப் மொலாசி எனப்படும் சர்க்கரைப்பாகுப் பேய், உடம்பெல்லாம் பாகோ கரியோ சேறோ பூசிக்கொண்டு, காசு தராதவர்மேல் அதை அப்பிவிடப் போவதாகப் பயமுறுத்தும். கரும்பாலையில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஆலையின் பாகையே உடம்பில் பூசிக்கொண்டு வெள்ளை உடைகளைத் துரத்தினார்கள் என்பதை நினைத்தால், இந்த விளையாட்டு எவ்வளவு கூர்மையானது என்று விளங்கும்.

1950களில் காட்சி மாறியது. ஹெரால்ட் சால்டினா, ஜார்ஜ் பெய்லி போன்றவர்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்ட வரலாற்றுக் குழுக்களை இறக்கினார்கள். பெய்லி 1957இல் கொண்டுவந்த 'ஆப்பிரிக்காவுக்குத் திரும்புதல்' இன்றுவரை பேசப்படுகிறது. வளைத்த கம்பி, தட்டிய செம்பு, நூல்களில் பார்த்து எடுத்த உடைகள் என்று வேலைப்பாட்டின் தரம் உயர்ந்தது. தனியாளாகத் தெருவில் திரிந்து வசனம் பேசிய பழைய பாத்திரங்களுக்கு இந்தப் பெருங்கூட்டத்தில் இடம் குறைந்தது.

இந்த மாற்றத்தின் நடுவில் வளர்ந்தவர்தான் மின்ஷால். 1941இல் பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்தவர். வெள்ளை நிறத்தவர். பதின்மூன்று வயதில் அட்டைப்பெட்டியையும் கையில் கிடைத்த பொருள்களையும் கொண்டு ஆப்பிரிக்க மந்திரவாதி வேடம் ஒன்றைத் தானே செய்துகொண்டதில் அவருடைய மாஸ் தொடங்குகிறது. பிறகு லண்டனின் மத்தியக் கலைப் பள்ளியில் அரங்க வடிவமைப்புப் படித்தார். ஷேக்ஸ்பியர் மேடைகளும் பாலே அரங்குகளும் நிறைந்த அந்த நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், டிரினிடாட்டின் பழைய வௌவால் வேடம்.

வௌவால் வேடத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். உடம்போடு ஒட்டிய கருப்பு அல்லது பழுப்பு உடை, தலை முழுவதையும் மூடும் முகமூடி, அதன் திறந்த வாயின் வழியாகத்தான் ஆடுபவருக்குப் பார்வை, காலணியில் நகங்கள், இரு கைகளிலும் பிணைத்த, பன்னிரண்டு பதினைந்து அடி விரியும் துணிச் சிறகுகள். சிறகின் உள்ளே ஓடும் பிரம்போ கம்பியோதான் வேடத்தின் உயிர். ஆடுபவர் தோளை அசைத்ததும் சிறகு முழுவதும் ஒரேயடியாக அசைவதில்லை. அசைவு முழங்கைக்கு வந்து, மணிக்கட்டுக்கு வந்து, பிரம்பின் வழியே ஊர்ந்து, துணியின் ஓரத்தைச் சற்றுத் தாமதமாக எட்டுகிறது. கை நின்ற பிறகும் சிறகின் நுனி இன்னும் படபடத்துக்கொண்டிருக்கிறது. கைதேர்ந்த வௌவாலாட்டக்காரர் நுனிக்காலில் ஓடுவார், சிறகைச் சடக்கென்று மடித்துக் குறுகுவார், தரையில் ஊர்வார். எல்லா அசைவும் ஆடுபவரின் எலும்பிலிருந்தே கிளம்புவதால், சிறகு முதுகில் கட்டிய அலங்காரமாகத் தெரியாமல் உடம்பில் முளைத்த உறுப்பாகவே தெரியும்.

மின்ஷாலின் கண்ணில் பட்டது இதுதான். வௌவாலின் முகம், நகம், நிறம் எதுவும் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. மனித உடம்பு தன் அசைவைத் துணிக்குக் கடத்துகிற அந்தப் பொறியமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். 1974இல், தம் தாய் கேட்டுக்கொண்டதற்காக, வளர்ப்புத் தங்கை ஷெரி-ஆன் சிறுவர் கார்னிவலில் ஆடுவதற்கு 'தேன்சிட்டுகளின் நாட்டிலிருந்து' என்ற வேடத்தைச் செய்தபோது அந்தப் படிப்பு பயன்பட்டது. பன்னிரண்டு பேர் ஐந்து வாரம் உழைத்து 104 துணி இறகுகளைச் செய்தார்கள். மேடையில் சிறுமி நடந்து வந்தபோது நீலமும் பச்சையுமான ஒரு சிறு முக்கோணம் மட்டுமே தெரிந்ததென்றும், அவள் கைகளை விரித்ததும் அது ஒரு பறவையாக வெடித்ததென்றும் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அவள் சுழன்றால் இறகுகளும் சுழன்றன. நின்றால் நடுங்கி அடங்கின. தேன்சிட்டின் உள்ளே வௌவால் ஒளிந்திருந்தது என்றே சொல்லலாம்.

அதன் பிறகு பெரிய குழுக்களுக்கான அழைப்பு வந்தது. ஸ்டீபன் லீ ஹியங் என்ற குழுத் தலைவருக்காக 1976இல் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்தை ஒட்டி 'இழந்த சொர்க்கம்' வடிவமைத்தார்; சில ஆண்டுகளில் சொந்தக் குழுவும் நடத்தத் தொடங்கினார். 1982இல் 'பாப்பியோன்' என்ற பெயரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டாம்பூச்சிச் சிறகுகளோடு தெருவில் இறக்கினார். தனியாள் வேடமான வௌவாலின் இலக்கணம், அப்படி ஒரு கூட்டத்தின் இலக்கணமாக மாறியது.

இந்தக் காலத்தில் அவர் மீது இரண்டு வகைக் குறை சொல்லப்பட்டது. ஆங்கிலக் கவிஞரையும் ஐரோப்பிய மரண நடனத்தையும் கொண்டுவந்து டிரினிடாட் தெருவில் ஆடவிடும் இவருக்கு நம் மரபோடு என்ன தொடர்பு என்று ஒரு தரப்பார் கேட்டார்கள். மகிழ்ச்சிக்காக ஆடும் நாளில் இவ்வளவு இருட்டும் சாவும் எதற்கு என்று இன்னொரு தரப்பார் கேட்டார்கள். முதல் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது; வெள்ளைத் தோலும் லண்டன் படிப்பும் கொண்ட ஒருவர், கறுப்பின ஏழைகள் தெருச்சண்டையில் வென்றெடுத்த கலையின் பெரும் பெயராக உயர்வதைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. இரண்டாவது கேள்விதான் மரபை மறந்த கேள்வி. பேயும் கொள்ளைக்காரனும் திரிந்த கார்னிவலில் இருட்டுக்கு எப்போதும் இடம் இருந்தது. மின்ஷால் அதைத் திரும்ப அழைத்தார் என்பதே சரி.

அப்படி அழைத்ததன் உச்சம் 1983இல் வந்த 'ஆறு'. அடுத்த ஆண்டு 'கல்லலூ', அதற்கடுத்த ஆண்டு 'பொன் சுரைக்குடுவை' என்று மூன்றாண்டு ஓடிய ஒரே கதையின் முதல் பகுதி அது. குழுவின் ராணி வேடமான சலவைக்காரி, வெள்ளைத் துணிகளைக் கொடியில் உலர்த்தியபடி ஆற்றின் தூய்மையைக் காப்பவள். ராஜா வேடத்தின் பெயர் நண்டுமனிதன். பீட்டர் சாமுவேல் ஆடினார். பேராசையும் வெறிபிடித்த இயந்திரமுமான அந்த உருவத்தின் கொடுக்குகள் உலோக மூட்டுகளால் இயங்கின. தலைக்குமேல் சதுரமான வெள்ளைப் பட்டு விதானம் மிதந்தது. ஆட்டத்தின் நடுவில், மறைத்து வைத்த குழாய்களின் வழியாகச் சிவப்புச் சாயம் ஏறி, பட்டு மெல்ல மெல்லக் குருதியில் நனைந்தது. திங்களன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வெள்ளைப் பருத்தி உடுத்து நீண்ட துணி ஆறு ஒன்றின் கீழே நடந்தார்கள்; செவ்வாயன்று சலவைக்காரி இறந்துபோயிருந்தாள், வெள்ளை உடுத்தியவர்கள் சாயங்களை ஒருவர்மேல் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பழைய பாத்திரத்தின் பெயர்கூட இல்லை. ஆனால் பழைய பாத்திரங்கள் தெருவில் செய்துவந்த வேலை இருக்கிறது. கார்னிவலின் பழைய டிராகன் கூட்டத்தில், சங்கிலியால் கட்டிய மிருகத்தைக் குட்டிப் பிசாசுகள் இழுத்து வருவார்கள். தெருவோரச் சாக்கடையில் ஓடும் நீரைக் கண்டதும் மிருகம் மிரண்டு பின்வாங்கும், தயங்கித் தயங்கிக் கால் வைக்கும், அதைக் கடப்பதே ஒரு தனி நடனமாக விரியும். தீய சக்தி நீருக்கு அஞ்சுகிறது என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. மின்ஷாலின் நண்டுமனிதன் நீருக்கு அஞ்சவில்லை, நீரையே கெடுத்தான். தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆறுகளைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஒரு காலத்தில், பழைய மிருகத்துக்கு எழுதிய மறுமொழியாகவே எனக்கு அது படுகிறது. செவ்வாய்க்கிழமையின் சாய அபிஷேகமும் அப்படித்தான். சுத்தமான உடையின்மேல் பாகை அப்பிவிடுவேன் என்று மிரட்டிய ஜாப் மொலாசியின் வேலையை, இம்முறை வெள்ளை உடுத்தியவர்களே தங்களுக்குச் செய்துகொண்டார்கள்.

1990இல் வந்த டான் டான், சாகா பாய் என்ற இணை இன்னொரு திசையைக் காட்டியது. மனித உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான பொம்மை உருவங்கள். பொம்மையின் பாதம் ஆடுபவரின் பாதத்தோடு பிணைந்திருக்கும், ஆடுபவரின் கை அசைந்தால் பொம்மையின் கை அசையும். இடுப்பை ஒடித்துத் தெருவில் மினுக்கி நடந்த 1940களின் சோக்காளிக்கு டிரினிடாட்டில் சாகா பாய் என்று பெயர். அந்த நடையைப் பொம்மை அச்சு அசலாக நடந்தது. வௌவாலில் துணிக்குக் கடந்த அசைவு இப்போது ஒரு முழு ஆளுக்கே கடந்தது. இதே சிந்தனையின் நீட்சியாக, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக, காற்றாடியின் காற்றில் நெளிந்தாடும் உயரமான துணிக்குழாய் மனிதர்களை மின்ஷால் கற்பனை செய்தார். இஸ்ரேலியக் கலைஞர் டோரான் காசிட்டோடு சேர்ந்து அது நிறைவேறியது. உலகெங்கும் கார் விற்பனைக் கடைகளின் வாசலில் கையை வீசித் தள்ளாடும் அந்த நெட்டை உருவத்தைப் பார்க்காதவர் குறைவு. அதன் இடுப்பில் இருப்பது போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவின் ஆட்டம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பார்சிலோனா, அட்லாண்டா, சால்ட் லேக் சிட்டி என்று மூன்று ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் பணியாற்றிய அதே ஆண்டுகளில், சொந்த ஊரின் கார்னிவல் அவர் விரும்பாத பக்கம் போய்க்கொண்டிருந்தது. நீச்சலுடை, மணிச்சரம், இறகு என்ற மூன்றில் அடங்கிவிட்ட உடைகள், இறக்குமதியான பொருள்கள், விலைப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் கிடைக்கும் பொட்டலம் என்று மாஸ் ஒரு விற்பனைத் தொழிலாயிற்று. இத்தகைய உடையில் யாரும் எதையும் 'ஆடுவதில்லை' என்பது பழைய மாஸ்காரர்களின் குறை. மின்ஷால் 2006இல் 'திரு இருதயம்' என்ற குழுவை இறக்கினார்; அதன் பிறகு பெருங்குழு எதையும் கொண்டுவரவில்லை.

மின்ஷாலின் தயவில்லாமலேயே பழைய பாத்திரங்கள் பிழைத்துக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பராமின் என்ற மலைக்கிராமத்தின் நீலப் பேய்கள் கார்னிவல் திங்கள் மாலையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு இன்றும் இறங்குகின்றன. மரக்கால் கட்டியாடும் மோக்கோ ஜம்பி ஒரு காலத்தில் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் வழியே நடந்தே வந்ததாகச் சொல்லப்படும் காவல் ஆவி அது. மாடி ஜன்னலில் நிற்பவரிடமே நேராகக் கைநீட்டிக் காசு வாங்கும் உயரம் கொண்டது. கோக்கரைட் என்ற பகுதியில் 'டிராகன்' என்று அழைக்கப்படும் கிளென் டி சூசா 1986இல் தொடங்கிய கீலமஞ்சாரோ பள்ளி, தெருப்பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோரை மரக்காலில் ஏற்றிவிட்டது. நான்கு வயதுக் குழந்தைகள்கூட அங்கே மரக்கால் கட்டிப் பழகினார்கள். அந்த வேலை இருந்திராவிட்டால், 2016இல் மின்ஷாலுக்கு ஓர் ஆட்டக்காரர் கிடைத்திருப்பது கடினம்.

ஆகவே இறக்கும் அன்னத்துக்கு வருவோம். அன்னா பாவ்லோவாவுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகயீல் ஃபோகின் அமைத்த சிறு பாலே தனி ஆட்டம், வெள்ளை ஐரோப்பாவின் நளினத்துக்கே அடையாளமானது. நிஜின்ஸ்கி அதே காலத்து ரஷ்ய நடனக்காரர். 'ராஸ்' என்பது ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தாஃபாரி சமய மரபின் மரியாதைச் சொல். இந்த மூன்றையும் ஒரு பெயரில் கட்டி, மோக்கோ ஜம்பியின் உடம்பில் ஏற்றியதை ஐரோப்பிய மோகம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு அதில் தெரிவது பியரோ கிரனேட். முதலாளி வீட்டுக் கோமாளியின் உடையைக் கிழித்துக் கந்தலாக்கி உடுத்திக்கொண்டவன் அவன். முதலாளி வீட்டு அம்மணியின் பாவாடையை ஆண் உடம்பில் ஏற்றியது டேம் லொரெய்ன். மேலே இருப்பவர்களின் உயர்ந்த பொருளைப் பிடுங்கித் தெருவில் ஆடிக்காட்டுவது, பரிகாசமும் ஆசையும் எது எதென்று பிரிக்க முடியாதபடி ஆடுவது, இந்தக் கார்னிவலின் மிகப் பழைய பழக்கம். இளவயதில் மில்டனைக் கொண்டுவந்த மின்ஷால் அதைக் கதையாகக் கொண்டுவந்தார். முதிர்ந்த மின்ஷால் பாலேயை வேடமாகக் கட்டினார். முதலாவதைவிட இரண்டாவதே மரபுக்கு அருகில் நிற்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பாவ்லோவாவின் அன்னம் ஆட்டம் முழுவதும் நுனிக்காலில், நடுங்குவதுபோன்ற சின்னஞ்சிறு அடிகளாலேயே நகர்கிறது. மரக்கால் கட்டியவருக்கும் வேறு வழியில்லை. அசையாமல் நின்றால் சமநிலை போய்விடும் என்பதால், ஒரே இடத்தில் நிற்பதற்குக்கூட அவர் இடைவிடாமல் அடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாலேக்காரி ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் நடுக்கம், மோக்கோ ஜம்பிக்கு விழாமல் இருப்பதற்கான அன்றாடத் தேவை. லண்டனில் படித்த இளைஞன் வௌவாலில் கண்டது கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை. ஐம்பதாண்டுக்குப் பிறகு அதே கண் காலைப் பார்த்தது. சவானா மேடையில் சக்கரங்கள் உருண்டு போன இடத்தில், ஜா-வான் தாமஸின் எடையை இரண்டு மரக்கால் நுனிகள் மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தன.